ஐரோப்பா இப்போது யாரை நம்புகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவைப் பற்றி எதை எழுதினாலும் பின்னாலேயே அதே கேள்விகள் வந்து நிற்கின்றன. நேட்டோ உடைந்துவிட்டதா, அமெரிக்காவுக்கும் அவர்களுக்கும் என்ன சண்டை, இத்தனை வருடம் ரஷ்யாவிடம் எரிவாயு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஏன் கோபப்படுகிறார்கள், இதில் நமக்கு என்ன? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2026 ஜனவரி வரை நடந்தவை இதில் இருக்கின்றன.

‘ஐரோப்பா’ என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளை. கூடவே ஒன்றியத்தில் இல்லாத பிரிட்டன், நார்வே. நேட்டோ வேறு, அது 32 நாடுகளின் ராணுவக் கூட்டணி, அதில் அமெரிக்கா, கனடா, துருக்கி எல்லாம் உண்டு. அயர்லாந்தும் ஆஸ்திரியாவும் ஒன்றியத்தில் இருக்கின்றன, நேட்டோவில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதிச் செய்தி புரியாது.

அமெரிக்கா மீதான நம்பிக்கை டிரம்ப் வந்த பிறகுதான் போனதா?

இல்லை. விரிசல் ரொம்பப் பழையது. 1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து படையெடுத்தன. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் கடும் நெருக்கடி கொடுத்தார், பிரிட்டனின் பவுண்டு சரிந்தபோது படையைத் திரும்பப் பெறும்வரை கைகொடுக்க மறுத்தார். அவமானப்பட்டு இரண்டு நாடுகளும் வெளியேறின. அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஒரே அடியை வாங்கிய இரண்டு நாடுகள் நேர் எதிரான பாடத்தைக் கற்றுக்கொண்டன. இனி அமெரிக்காவை விட்டு விலகவே கூடாது என்று பிரிட்டன் முடிவெடுத்தது. இனி அமெரிக்காவை நம்பியே இருக்கக் கூடாது என்று பிரான்ஸ் முடிவெடுத்தது. 1960-இல் சகாராவில் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது, 1966-இல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து அதிபர் டி கோல் பிரான்சை வெளியே எடுத்தார், பாரிஸில் இருந்த நேட்டோ தலைமையகம் அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்குப் பெயர்ந்தது. பிரான்ஸ் முழுதாகத் திரும்பி வந்தது 2009-இல்தான்.

பிறகும் சும்மா இருக்கவில்லை. 2003-இல் இராக் போரை பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தபோது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அவற்றைப் ‘பழைய ஐரோப்பா’ என்று ஒதுக்கிப் பேசினார். 2013-இல் அன்றைய ஜெர்மன் சான்சலர் ஏஞ்சலா மெர்க்கெலின் கைப்பேசியை அமெரிக்க உளவுத்துறை ஒட்டுக்கேட்டதாகத் தகவல் வெளிவந்தது. 2021 செப்டம்பரில் பிரான்சிடம் நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்க ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியா அதை ரத்து செய்துவிட்டு அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் புதிய ஒப்பந்தம் போட்டது. பிரான்ஸ் கோபத்தில் வாஷிங்டனிலிருந்து தன் தூதரையே திரும்ப அழைத்தது. அப்போது அதிபர் பைடன் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் இத்தனை சண்டையிலும் ஒன்று மட்டும் அசையவில்லை. நேட்டோ நாடு ஒன்றின் நிலத்தை யாராவது தொட்டால் அமெரிக்கா வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2025-க்குப் பிறகு ஆட்டம் கண்டது அந்த நம்பிக்கைதான்.

ரஷ்யாவை ஏன் அவ்வளவு நம்பினார்கள்?

‘நம்பினார்கள்’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஜெர்மனி நம்பியது. போலந்தும் பால்டிக் நாடுகளான எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியாவும் ஒருநாளும் நம்பவில்லை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் அதிகம் வலிப்பது இந்த இடம்தான்.

ஜெர்மனியின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. 1970-இல் மேற்கு ஜெர்மனி சோவியத் யூனியனோடு முதல் பெரிய எரிவாயு ஒப்பந்தம் போட்டது. குழாய் கொடுத்து எரிவாயு வாங்குவது அந்த ஏற்பாடு. பனிப்போரின் நடுவிலும் எரிவாயு தவறாமல் வந்தது. வியாபாரம் இருந்தால் சண்டை வராது என்ற எண்ணம் அங்கே ஒரு தலைமுறைக்கே பாடமாகிப்போனது. 2006-இலும் 2009-இலும் உக்ரைனோடு தகராறு வந்து ரஷ்யா வாயுவை நிறுத்தியபோது, குறிப்பாக 2009 ஜனவரிக் குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் தவித்தபோது, கண் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உக்ரைனைச் சுற்றிக்கொண்டு பால்டிக் கடலுக்கு அடியில் நேரடிக் குழாய் போட்டால் பிரச்சினை தீரும் என்று நார்டு ஸ்ட்ரீம் கட்டினார்கள். அது 2011-இல் ஓடத் தொடங்கியது. 2014-இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 2015-இல், இரண்டாவது நார்டு ஸ்ட்ரீமுக்குக் கையெழுத்துப் போட்டார்கள்! 2021-இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது.

இப்போது லிதுவேனியாவைப் பாருங்கள். முப்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு. எரிவாயுவுக்கு முழுக்க முழுக்க ரஷ்யாவையே நம்பியிருந்தது. 2014-இல் திரவ எரிவாயுவை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் ஒரு மிதக்கும் கப்பலைக் கொண்டுவந்து கிளைபேடா துறைமுகத்தில் நிறுத்தியது. கப்பலுக்கு வைத்த பெயர் ‘சுதந்திரம்’. செலவு அதிகம் என்று அப்போதே விமர்சனம் வந்தது. 2022 ஏப்ரலில் ரஷ்ய எரிவாயுவை முற்றிலும் நிறுத்திய முதல் ஒன்றிய நாடு அதுதான். அதே வேலையை ஜெர்மனி 2022 டிசம்பரில், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில், விலை எகிறிய பிறகு அவசர அவசரமாகச் செய்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்துப் போர் தொடங்கி பத்து மாதத்துக்குள் அந்த முனையம் தயாரானது, அதையும் சொல்ல வேண்டும். அதனால் நான் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறேன்: ஒரு நாடு நாளைக்கே கையை விரித்தால், அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய எத்தனை காலம் ஆகும்? எரிவாயுவுக்கு மாதங்கள். கீழே வரும் மற்ற விஷயங்களையும் இதே கேள்வியோடு படியுங்கள்.

நேட்டோ கிழக்கே விரிந்ததுதானே போருக்குக் காரணம்?

இதை நிறையப் பேர் நேர்மையாகவே கேட்கிறார்கள். போலந்து, ஹங்கேரி, செக் நாடு 1999-இல் சேர்ந்தன, பால்டிக் நாடுகள் 2004-இல். ரஷ்யாவுக்கு அது பிடிக்கவில்லை, உண்மை. ஆனால் சேரச் சொல்லி யாரும் அவர்களை இழுக்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே நின்றவர்கள் அவர்கள். என் பார்வையில் பெரிய தவறு 2008-இல் புக்கரெஸ்ட் மாநாட்டில் நடந்தது. உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று அறிவித்தார்கள், எப்போது என்று சொல்லவில்லை. ரஷ்யாவைச் சீண்டவும் செய்தார்கள், அந்த இரண்டு நாடுகளுக்கும் பாதுகாப்பும் கொடுக்கவில்லை. ஆகஸ்டிலேயே ஜார்ஜியாவில் போர் வந்தது.

அதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. சோவியத் உடைந்தபோது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கையிருப்பு உக்ரைன் மண்ணில் இருந்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் உக்ரைனின் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்திட்டன. உக்ரைன் 1996-க்குள் எல்லாக் குண்டுகளையும் ரஷ்யாவிடம் அனுப்பிவிட்டது. ஆயுதத்தைக் கொடுத்துக் காகிதத்தை வாங்கிய நாட்டுக்கு என்ன நடந்தது என்பதை போலந்தின் தலைநகர் வார்சாவும் எஸ்டோனியாவின் தலைநகர் தாலினும் மறக்கப்போவதில்லை.

போர் வந்த பிறகு நேட்டோ இன்னும் விரிந்தது. ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை உள்ள ஃபின்லாந்து 2023 ஏப்ரலிலும், இருநூறு வருடம் அணிசேராமல் இருந்த ஸ்வீடன் 2024 மார்ச்சிலும் சேர்ந்தன.

கிரீன்லாந்து விஷயத்தில் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதலை எல்லோர் மீதான தாக்குதலாகக் கருத வேண்டும் என்கிறது. 1949-இலிருந்து அது ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தப்பட்டது. அதுவும் அமெரிக்காவுக்காக, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. டென்மார்க் அந்த அழைப்பை ஏற்று ஆப்கானிஸ்தானுக்கு வீரர்களை அனுப்பியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், கூட்டணியில் மிக அதிக இழப்பைச் சந்தித்த நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று.

அந்த டென்மார்க்கின் ஆட்சிப்பகுதிதான் கிரீன்லாந்து. சுமார் 57,000 பேர் வாழும் இடம். அங்கே அமெரிக்காவுக்கு ஏற்கெனவே ராணுவத் தளம் இருக்கிறது, 1951 ஒப்பந்தப்படி. கேட்டிருந்தால் கூடுதல் தளத்துக்கும் டென்மார்க் பேசத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் டிரம்ப் அந்த நிலமே வேண்டும் என்றார். 2025 ஜனவரியில், ராணுவத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி சொல்ல மறுத்தார். 2026 ஜனவரியில் டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய எட்டு நாடுகள் மீது 10% கூடுதல் வரி போடப்போவதாக மிரட்டினார். சில நாட்களில், டாவோஸில் நேட்டோ தலைமைச் செயலர் மார்க் ருட்டேவைச் சந்தித்த பிறகு, அதைக் கைவிட்டார்.

வரி வரவில்லையே, பிறகு என்ன என்று கேட்கலாம். சொன்ன சொல் போகாது. இறந்துபோன வீரர்களின் வீடுகளில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் நேட்டோ முடிந்துவிட்டதா?

முடியவில்லை. தளங்கள் இருக்கின்றன, பல்லாயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள், 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5% பாதுகாப்புக்குச் செலவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஸ்பெயின் மட்டும் எங்களால் அவ்வளவு முடியாது என்று சொல்லிவிட்டது. மாட்ரிட்டிலிருந்து ரஷ்யா எவ்வளவு தூரம், போலந்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

மாறியது மனநிலை. 2025 பிப்ரவரியில் ஜெர்மன் தேர்தலில் வென்ற இரவே ஃபிரீட்ரிக் மெர்ஸ், ஐரோப்பா படிப்படியாக அமெரிக்காவிடமிருந்து சுயேச்சை பெறுவதே தன் முன்னுரிமை என்றார். அமெரிக்க நட்பையே கொள்கையாகக் கொண்டு வளர்ந்த ஒரு கட்சியின் தலைவர் பேசிய பேச்சு இது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியை கேமராக்களின் முன் உட்காரவைத்துத் திட்டினார்கள். அடுத்த சில நாட்களில் உக்ரைனுக்கான ஆயுதமும் உளவுத் தகவலும் கொஞ்ச காலம் நிறுத்தப்பட்டன. ஒரே முடிவில் இவ்வளவையும் நிறுத்த முடியும் என்று ஐரோப்பியத் தலைநகரங்கள் நேரில் பார்த்தன. நாளை இது நமக்கும் நடக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டதில் எந்தத் தவறும் இல்லை.

அமெரிக்கா இல்லாமல் அவர்களால் தங்களைக் காத்துக்கொள்ள முடியுமா?

பணத்தால் முடியும், இன்றைய தேதியில் முடியாது. துப்பாக்கி, பீரங்கி, டாங்கி எல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கும். போலந்து தென்கொரியாவிடமிருந்தே கே2 டாங்கிகளை வாங்கிக் குவிக்கிறது. டென்மார்க் 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் பேட்ரியாட்டை விட்டுவிட்டு பிரெஞ்சு-இத்தாலிய வான்பாதுகாப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனி தன் அரசியலமைப்பில் உள்ள கடன் கட்டுப்பாட்டையே 2025 மார்ச்சில் தளர்த்தியது, கடன் என்றால் அவ்வளவு அஞ்சும் நாடு அது. ஒன்றியம் ஆயுதம் வாங்க 150 பில்லியன் யூரோ கடன் திட்டம் கொண்டுவந்தது.

கடினமானவை வேறு: உளவு செயற்கைக்கோள்கள், போர் விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள், தொலைதூர ஏவுகணைகள், பல நாட்டுப் படைகளை ஒரே தலைமையில் நடத்தும் அனுபவம். நேட்டோவின் ஐரோப்பியப் படைத் தளபதியாக இன்றுவரை அமெரிக்கர்தான் இருந்திருக்கிறார். இவற்றுக்கு மாற்று வர ஆண்டுகள் ஆகும்.

எல்லாவற்றிலும் கடினமானது அணு ஆயுதக் குடை, அதாவது நட்பு நாட்டைத் தொட்டால் அணுகுண்டால் பதிலடி கொடுப்போம் என்ற காப்பு. பிரான்சிடம் சுமார் 290 குண்டுகள், பிரிட்டனிடம் சுமார் 225. ரஷ்யாவிடம் பல ஆயிரம். அதிலும் பிரிட்டனின் குண்டுகளைச் சுமக்கும் டிரைடென்ட் ஏவுகணைகள் அமெரிக்காவிலிருந்து வருபவை, பராமரிப்பும் அங்கேதான். முழுக்கச் சொந்தக் காலில் நிற்பது பிரான்ஸ் மட்டும். சூயஸில் கற்ற பாடம் எழுபது வருடம் கழித்து வேலைக்கு வருகிறது! 2025 மார்ச்சில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், பிரான்சின் அணுக் குடையை மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் விரிப்பது பற்றிப் பேசத் தயார் என்றார். போலந்தும் ஜெர்மனியும் காதுகொடுத்துக் கேட்கின்றன. ஆனால் குண்டை இயக்கும் முடிவு பிரெஞ்சு அதிபருடையதுதான் என்பதில் மக்ரோன் உறுதியாக இருக்கிறார். தாலினுக்காக பாரிஸ் தன்னையே பணயம் வைக்குமா? இதற்குக் காகிதத்தில் பதில் கிடையாது.

ரஷ்ய எரிவாயு பெருமளவு போச்சு, இப்போது யாரிடம் வாங்குகிறார்கள்?

குழாய் எரிவாயுவுக்கு முதலில் நார்வே. கப்பலில் வரும் திரவ எரிவாயுவில் 2025-இல் பாதிக்கும் மேல் அமெரிக்காவுடையது. ஒரு கதவை அடைத்துவிட்டு இன்னொரு கதவின் முன் நிற்கிறார்கள். 2025 ஜூலையில் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், டிரம்பின் கோல்ஃப் மைதானத்தில், ஐரோப்பியப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு 15% வரியை ஒப்புக்கொண்டார்கள், மூன்றாண்டில் 750 பில்லியன் டாலர் மதிப்புள்ள அமெரிக்க எரிபொருள் வாங்குவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள். உக்ரைனுக்கு அமெரிக்க ஆதரவு போய்விடுமோ என்ற பயத்தில் பணிந்தார்கள் என்பது என் கருத்து. பாதுகாப்புக்கு ஒருவரையே நம்பியிருந்தால் வியாபாரத்திலும் அவர் சொன்னதுதான் விலை.

சீனாவை நம்பலாம் என்று பார்க்கிறார்களா?

சில நாடுகள் பார்த்தன. கிரீஸ் கடனில் மூழ்கியிருந்தபோது 2016-இல் பிரேயஸ் துறைமுகத்தின் பெரும்பங்கைச் சீன அரசு நிறுவனம் காஸ்கோ வாங்கியது. இத்தாலி 2019-இல் சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் சேர்ந்து, 2023 டிசம்பரில் வெளியேறியது. 2019-லேயே ஒன்றியம் சீனாவை ஒரே மூச்சில் கூட்டாளி, போட்டியாளர், எதிர் அமைப்பு என்று மூன்றாகவும் வர்ணித்தது. இன்றும் எது என்று முடிவாகவில்லை.

மறுபடியும் லிதுவேனியாவே முதலில் அடி வாங்கியது. 2021 நவம்பரில் வில்னியஸில் தைவான் பெயரில் அலுவலகம் திறக்க அனுமதித்ததும் அந்நாட்டுப் பொருட்கள் சீனச் சுங்கத்தில் நின்றுவிட்டன. 2024 அக்டோபரில் ஒன்றியம் சீன மின்சாரக் கார்களுக்கு 35.3% வரை கூடுதல் வரி விதித்தது. ஜெர்மனி எதிர்த்து வாக்களித்தது, தன் கார் நிறுவனங்களுக்குச் சீனச் சந்தை போய்விடும் என்ற பயத்தில்.

2025-இல் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. கார் மோட்டார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றுக்கும் தேவையான காந்தங்கள் அதிலிருந்துதான். உலகின் சுத்திகரிப்பில் சுமார் 90% சீனாவில். அதே ஆண்டு நெதர்லாந்தில் இருக்கும், சீன நிறுவனத்துக்குச் சொந்தமான நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை டச்சு (நெதர்லாந்து) அரசு கையில் எடுக்க, அந்நிறுவனத்தின் சீன ஆலையிலிருந்து சிப் ஏற்றுமதியைச் சீனா நிறுத்த, சில சென்ட் விலையுள்ள சாதாரண சிப்புக்காகக் கார் ஆலைகள் தவித்தன. நவம்பரில் டச்சு அரசு உத்தரவை நிறுத்திவைத்தது. இங்கே மாற்று ஏற்பாட்டுக்கு ஆகும் காலம் எரிவாயுவைப் போல பத்து மாதம் இல்லை. சுரங்கம், சுத்திகரிப்பு ஆலை, அதை நடத்தத் தெரிந்த ஆட்கள் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து உருவாக்க வேண்டும்.

பிரிட்டன் திரும்பி வருமா?

ஒன்றியத்துக்குள் இப்போதைக்கு இல்லை. பாதுகாப்பில் ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 மே மாதம் லண்டனில் ஒன்றியத்தோடு பாதுகாப்பு ஒப்பந்தம், ஜூலையில் அணு ஆயுதங்களை ஒருங்கிணைப்பது பற்றி பிரான்சோடு கூட்டறிக்கை.

27 நாடுகள் ஒரே குரலில் பேச முடியுமா?

வெளியுறவுக் கொள்கையில் ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். ஹங்கேரியின் ஓர்பான் இதை வைத்தே பல வருடம் பேரம் பேசினார். 2025 டிசம்பரில் முடக்கிய ரஷ்யச் சொத்தை உக்ரைனுக்குக் கடனாகக் கொடுக்கலாமா என்று விடிய விடியப் பேசினார்கள். அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற நிதி நிறுவனத்தில் இருக்கிறது, நாளை வழக்கு வந்தால் நான் மட்டும் மாட்டுவேன் என்று பெல்ஜியம் மறுத்தது. கடைசியில் கூட்டாகக் கடன் வாங்கி 90 பில்லியன் யூரோ கொடுக்க முடிவானது. மெதுவாகத்தான் நகர்கிறார்கள், ஆனால் கையை விடவில்லை.

ஐரோப்பாவை மற்றவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

நியாயமான கேள்வி, ஐரோப்பியர்கள் தங்களுக்குள் போதுமான அளவு கேட்டுக்கொள்ளாத கேள்வி. கொரோனா காலத்தில் தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்தச் சொல்லி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டபோது ஒன்றியம் தடுத்தது. உக்ரைனில் சர்வதேசச் சட்டம் பேசியவர்கள் காசாவில் பிளவுபட்டு நின்றார்கள். மாலி, புர்கினா பாசோ, நைஜர் என்று ஒவ்வொரு நாடாக 2022-23-இல் பிரெஞ்சுப் படையை வெளியேற்றின. ஐரோப்பாவின் பிரச்சினை உலகத்தின் பிரச்சினை, உலகத்தின் பிரச்சினை ஐரோப்பாவின் பிரச்சினை அல்ல என்ற மனப்போக்கிலிருந்து அவர்கள் வெளிவர வேண்டும் என்று 2022-இல் ஸ்லோவாக்கியாவில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்னது இங்கே கைதட்டல் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

இலங்கை ஆடைத் தொழிலும் இதை அறியும். மனித உரிமை நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை 2010-இல் ஒன்றியம் நிறுத்தி, 2017-இல் திரும்பக் கொடுத்தது. அந்த அழுத்தத்தை வரவேற்ற தமிழர்களும் உண்டு, அதனால் வேலை போகுமோ என்று பயந்த தொழிலாளர்களும் உண்டு. சந்தையைத் திறந்து மூடுவதுதான் ஐரோப்பாவின் உண்மையான பலம்.

இதில் இந்தியாவுக்கு என்ன?

இந்தியாவும் ஒன்றியமும் தடையற்ற வர்த்தகப் பேச்சை 2007-இல் தொடங்கின. கார், மது, பால் பொருட்கள் என்று இழுபறியாகி 2013-இல் நின்றுபோனது, 2022-இல் மீண்டும் தொடங்கியது. ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்கியதில் ஐரோப்பாவுக்கு வருத்தம், பாடம் எடுக்கிறார்கள் என்று இந்தியாவுக்கு எரிச்சல். 2025-இல் அமெரிக்கா இரண்டு பேர் மீதும் வரி போட்டது, இந்தியா மீது ஆகஸ்டில் அது 50% ஆனது. 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் பேச்சு முடிந்ததாக அறிவித்தார்கள். அதே மாதம் தென்னமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளோடு கால் நூற்றாண்டாக இழுத்த ஒப்பந்தத்திலும் ஒன்றியம் கையெழுத்துப் போட்டது, உடனே ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டது.

திருப்பூரில் இது வெறும் உலகச் செய்தி இல்லை. பங்களாதேஷ் பனியன் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகும், திருப்பூர் பனியனுக்கு 12% வரை வரி. பல வருடமாக ஆர்டர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இது பெரிய காரணம். இந்த வித்தியாசம் போனால் பின்னலாடைத் தொழிலுக்கு உண்மையான மூச்சு கிடைக்கும். ஆனால் டெல்லியில் முடிந்தது பேச்சு மட்டும். சட்டச் சரிபார்ப்பு, கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகே வரி இறங்கும். அதுவரை பெட்டிகள் பழைய வரியில்தான் கப்பல் ஏறும்.